நாட்டுக் கைப்பொருள்களைத் தேடியோர்



நூதனசாலை என்றதும் நம் மனக்கண்முன் தோன்றுவன யாவை? அரசன் அணிந்த முடி, படைத்தலைவன் ஏந்திய வாள், செப்பேடு, பொற்காசு, வெண்கலத் திருவுருவம். இவை யாவும் ஆட்சியோடோ வழிபாட்டோடோ பெருஞ்செல்வத்தோடோ தொடர்புடையவை. உழவன் சோறுண்ட மட்கிண்ணத்தையும், அவன் மனைவி நெய்துடுத்த துணியையும், தகப்பன் தன் குழந்தைக்குச் செதுக்கிக் கொடுத்த மரக்குதிரையையும் பேணிவைத்தல் வேண்டுமென்று நெடுங்காலம் எவரும் எண்ணினாரில்லை. கிண்ணம் உடைந்தால் குப்பைமேட்டை அடைந்தது. குதிரை உளுத்தால் அடுப்பை அடைந்தது. அவை போயினவே என்று வருந்துவாரும் இருந்திலர், ஏனெனில் அவற்றைப் போல் இன்னொன்றைச் செய்து தருபவன் அடுத்த தெருவிலேயே இருந்தான்.

அடுத்த தெருவிலிருந்த அந்த மனிதன் தொழிலை விட்டு ஆலைக்குக் கூலிவேலைக்குப் போன பின்னர்தான் அவன் கைப்பொருளுக்கு மதிப்பு வந்தது. உலகத்தின் எத்திசையை நோக்கினும் இதுவே வரலாறு. நாட்டுமக்கள் தம் அன்றாடப் பயனுக்காகச் செய்த பழம்பொருள்களைத் தேடிச் சேர்த்தவர் சிலரைப் பற்றியும், அவர்கள் செயலால் விளைந்த நன்மை தீமைகளைப் பற்றியும் இன்று சிறிது பேசலாமென எண்ணுகின்றேன்.

சுவீடன் நாட்டிலே ஆத்தூர் ஹசேலியுஸ் என்னும் ஆசிரியர் ஒருவர் இருந்தார். 1872ஆம் ஆண்டு அவர் டாலர்ணா என்னும் மாகாணத்திற் பயணஞ் செய்தபோது, ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்த உழவர் உடைகள் மறைந்து வருவதைக் கண்டார். கண்டு இரங்கியதோடு அமையாமல், அவற்றை வாங்கத் தொடங்கினார். மறு ஆண்டே தலைநகரமாகிய ஸ்டொக்ஹோமில் தாம் சேர்த்தவற்றைக் காட்சிக்கு வைத்தார். ஆடைகளைக் கண்ணாடிப் பெட்டியுள் மடித்து வைக்காமல், ஆளுருவங்களுக்கு அணிவித்து, ஒரு வீட்டின் உள்ளறைபோலவே அமைத்துக் காட்டியமை அவர் செய்த புதுமை. பின்னர் வீடுகளையே வாங்கிக் கழற்றிக் கொண்டுவந்து, 1891இல் ஸ்கான்சன் என்னும் குன்றின்மேல் மீண்டும் பொருத்தி நிறுத்தினார். வீட்டைச் சுற்றிலும் வானமே கூரையாக அமைந்த காட்சிச்சாலை அது. இன்று உலகெங்கும் காணப்படும் திறந்தவெளிக் காட்சிச்சாலைகள் பலவற்றுக்கும் அதுவே மூதாதை.

ஹசேலியுஸ் சேர்த்தது தம் நாட்டார் பொருளை. இனி நான் கூறப்போவது, பிறநாட்டார் பொருளிலே மனத்தைப் பறிகொடுத்த ஒருவரைப் பற்றியது. இதனைச் சற்று விரித்தே கூறவேண்டும்.

யப்பானிலே யனாகி சோயெற்சு என்னும் இளைஞர் இருந்தார், 1889இற் பிறந்தவர். மேனாட்டுச் சமய ஞானத்திலும் மேனாட்டுச் சிற்ப ஓவியங்களிலும் மூழ்கியிருந்த கற்றோர் கூட்டத்தைச் சேர்ந்தவர். பிரெஞ்சுச் சிற்பி றொடான் அனுப்பிய சிற்பங்கள் சில அக்காலத்தில் அவருடைய வீட்டில் இருந்தன. 1914ஆம் ஆண்டு அவற்றைப் பார்க்க விரும்பி, கொரியாவிலே பள்ளியாசிரியராக இருந்த அசக்காவா நொரித்தக்கா என்பவர் வந்தார். வெறுங்கையோடு வருதல் முறையன்று என்று கருதி, கொரிய நாட்டிலே செய்யப்பட்ட பழைய வெண்களிமட் சாடியொன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். வந்தவர் றொடானின் சிற்பத்தைப் பார்த்தார். வீட்டுக்காரரோ சாடியைப் பார்த்தார். அந்நாள் தொட்டு யனாகியின் வாழ்க்கை வேறு வழியிலே திரும்பிவிட்டது.

அக்காலத்துக் கொரியாவின் நிலையை நேயர்கள் நினைவிற் கொள்ளல் வேண்டும். 1910இல் யப்பான் அந்நாட்டைத் தன் ஆட்சியோடு இணைத்துக்கொண்டது. யப்பானியச் செல்வர் கொரியாவின் பழைய கல்லறைகளிலிருந்து எடுக்கப்பட்ட பச்சைநிறக் கலங்களைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கினர். ஆனால் சாதாரணக் கொரியன் அன்றாடம் கையாண்ட வெள்ளைக் கலங்களையும் மரப்பெட்டிகளையும் ஒருவரும் நோக்கினாரில்லை. யனாகி அவற்றையே நாடினார். 1916இல் கொரியாவுக்கு முதன்முறை சென்றபோது, நொரித்தக்காவின் தம்பி அசக்காவா தக்குமி என்பவர் அவருக்கு வழிகாட்டினார்.

இந்தத் தக்குமியைப் பற்றி ஒரு சொல். அவர் பேராசிரியருமல்லர், செல்வருமல்லர். காட்டிலாகாவிலே மரக்கன்று வளர்க்கும் உத்தியோகத்தர். கொரிய மொழியை நன்கு கற்று, கொரிய உடையணிந்து, கொரியர் நடுவே வாழ்ந்தார். சிறு சம்பளத்திற் பெரும்பகுதியைப் பழைய கலங்களை வாங்குவதிற் செலவிட்டார். கலத்தை வாங்கியதோடு நில்லாமல், ஊர்மக்கள் அதனை என்ன பெயரால் அழைக்கின்றனர், எதற்கு வழங்குகின்றனர் என்று கேட்டெழுதி வைத்தார். நிலத்தில் அமர்ந்து உண்போர் முன்னே வைக்கப்படும் சிறு பீடங்களைப் பற்றி 1929இல் ஒரு நூல் வெளியிட்டார். மட்கலங்களின் கொரியப் பெயர்களைத் தொகுத்த இன்னொரு நூல் அச்சேறியபோது அவர் உயிரோடில்லை. 1931ஆம் ஆண்டு நாற்பது வயதிலே சளிச்சுரத்தால் இறந்தார். அவர் உடலைத் தூக்கிச் சென்றவர்கள் கொரியர். அவர் கல்லறை இன்றும் சியோல் நகரத்தின் ஓரத்திலே, மங்குரி என்னும் குன்றிலே இருக்கின்றது. ஆளவந்த இனத்தவன் ஒருவனுடைய கல்லறையை ஆளப்பட்ட இனத்தார் பேணி வருதல் அரிய நிகழ்ச்சியென்றே கூறவேண்டும்.

யனாகியும் அசக்காவா உடன்பிறந்தாரும் சேர்த்த பொருள்களை எங்கே வைப்பது என்ற கேள்வி எழுந்தது. தோக்கியோவுக்குக் கொண்டுபோதல் எளிது, கேட்பார் எவருமில்லை. ஆயினும் அவை பிறந்த மண்ணிலேயே இருத்தல் வேண்டுமென்று அவர்கள் துணிந்தனர். 1924இல் சியோலிலுள்ள பழைய அரண்மனையின் மண்டபமொன்றிலே கொரிய நாட்டுக் கைப்பொருட் காட்சிச்சாலை திறக்கப்பட்டது. யப்பானிய ஆட்சி 1945இல் ஒழிந்த பின்னரும் அப்பொருள்கள் கொரியாவிலேயே தங்கின. அதே அரண்மனையின் பெருவாயிலை இடித்தகற்ற ஆட்சியாளர் எண்ணியபோது, 1922இல் யனாகி அதற்கு எதிராக எழுதிய கட்டுரை பெரும் பரபரப்பை உண்டாக்கிற்று. வாயில் இடிபடாமல் வேறிடத்துக்குப் பெயர்க்கப்பட்டது.

எனினும், பிற்காலக் கொரிய அறிஞர் பலர் யனாகியைக் கடிந்து எழுதியதும் உண்டு. கொரியக் கலையின் அழகு துயரத்தின் அழகு என்று அவர் எழுதினார். வெள்ளை நிறமும் மெலிந்த கோடும் அல்லலுற்ற மக்களின் கண்ணீர் என்றார். 'எங்கள் கலத்திலே துயரத்தைக் கண்டது யார்? எங்களைத் துயருறுத்திய நாட்டிலிருந்து வந்தவர்தாமே?' என்று அவர்கள் கேட்டனர். கேள்வி நியாயமானதே. அன்பு கொண்டு பார்ப்பவனும் தான் காண விரும்புவதையே காண்கின்றான்.

யப்பானுக்குத் திரும்பிய யனாகி, குயவர்களாகிய ஹமதா ஷோஜி, கவாய் கன்ஜிரோ என்போருடன் சேர்ந்து, 1925இல் 'மிங்கெய்' என்னும் புதுச்சொல்லை ஆக்கினார். மக்கள் கைவினை என்பது அதன் பொருள். தாம் சேர்த்தவற்றைத் தலைநகரத்து அரச நூதனசாலைக்குக் கொடுக்க முன்வந்தார், அவர்கள் ஏற்கவில்லை. இறுதியில் ஒகாரா மகோசபுரோ என்னும் ஆலையதிபர் பொருளுதவ, 1936இல் தோக்கியோவில் யப்பானிய நாட்டுக் கைவினைக் காட்சிச்சாலை எழுந்தது. ஏறத்தாழ 17,000 பொருள்கள் அங்கே இருக்கின்றன. 1929இல் யனாகியும் ஹமதாவும் ஸ்டொக்ஹோம் சென்று ஹசேலியுஸின் சேகரங்களைப் பார்த்து வியந்தனர். அவ்வியப்பின் பயனும் அக்கட்டடத்திலே கலந்திருக்கின்றது.

யனாகியின் கொள்கையை விளக்க அவரே எடுத்துக்காட்டும் கிண்ணமொன்று உண்டு. கியோத்தோ நகரத்து மடமொன்றிலே ஒன்றனுள் ஒன்றாகப் பல பெட்டிகளுக்குள் வைத்துப் பாதுகாக்கப்படுவது அது. கிசாயெமொன் என்று பெயர். தேநீர் அருந்தும் சடங்கிலே வல்ல யப்பானியர் தலைமேற் கொள்ளும் கலம். பிரபு ஒருவர் 550 பொற்காசு கொடுத்து வாங்கினாராம். அதை வைத்திருப்பவருக்குக் கொப்புளம் எழும் என்ற பயத்தினால் அவர் குடும்பத்தார் மடத்துக்குக் கொடுத்துவிட்டனராம். 1931இல் அதைக் கையிலேந்திப் பார்த்த யனாகி சொன்னது இதுதான்: கொரியாவிலே ஏழையொருவன் சோறுண்பதற்காகப் பெயரறியாக் குயவன் ஒருவன் விலைமலிவாகச் செய்த கிண்ணம் இது, அழகு செய்யவேண்டுமென்று அவன் எண்ணவில்லை, ஆகவேதான் அழகு வந்தது. அது உணவுக் கிண்ணமே அன்று, வழிபாட்டுக்குரிய கலம் என்பாரும் இன்று உளர். அவ்வாதம் ஒருபுறம் இருக்க.

'பெயரறியாக் குயவன்' என்னும் தொடரிலேதான் எனக்கு ஐயம் உண்டு. நாட்டுக் கைப்பொருள் சேர்ப்போர் எல்லாரும் இத்தொடரை விரும்பிக் கூறுவர். ஆனால் அக்குயவனுக்குப் பெயர் இல்லாமலா இருந்தது? அவன் ஊரிலே அவனை எல்லாரும் அறிவர். அவன் செய்த பானை எது, அவன் மைத்துனன் செய்தது எது என்று நீர் அள்ளும் பெண்கள் விளிம்பைத் தடவியே சொல்லியிருப்பர். பெயர் மறைந்தது அவன் அடக்கத்தினாலன்று, வாங்கியவன் கேட்டெழுதாமையினால். இவ்வகையில் நூறு கட்டுரையினும் தக்குமி எழுதிய பெயர்ப்பட்டியலே எனக்குப் பெரிதாகத் தோன்றுகின்றது.

இவ்விடத்திலே நம் நாட்டவராகிய கலாயோகி ஆனந்த குமாரசுவாமியை நினையாதிருத்தல் இயலாது. 1877இற் கொழும்பிலே பிறந்து, இங்கிலாந்திலே வளர்ந்து, இலங்கையின் கனிப்பொருள் ஆய்வுக்குத் தலைவராக வந்தவர் அவர். கல்லைத் தேடி ஊரூராகச் சென்றவர் கைவினைஞரைக் கண்டார். மத்தியகாலச் சிங்களக் கலை பற்றி 1908இல் வெளிவந்த அவருடைய பெருநூல், பொருள்களின் அழகை மட்டும் புகழ்வதன்று. கைவினைஞருக்கு எவ்வகையில் நிலம் வழங்கப்பட்டது, எந்தக் கருவியை எவ்வாறு பிடித்தனர், வண்ணத்தை எதிலிருந்து எடுத்தனர், புத்தருருவுக்குக் கண்திறக்கும்போது என்ன சடங்கு செய்தனர் என்றெல்லாம் அவர்களையே கேட்டு எழுதினார். நூலிலுள்ள படங்களைப் பிடித்தவர் அவர் மனைவி எதல்.

எதல் பின்னர் அவரைப் பிரிந்து, இங்கிலாந்திலே டிச்லிங் என்னும் ஊரிற் கைத்தறி நெசவிலும் இயற்கைச் சாயத்திலும் பெயர்பெற்று விளங்கினார். 1921இல், மேலே கூறிய ஹமதா ஷோஜி தம் நண்பர் பேர்ணாட் லீச்சுடன் அவ்வூருக்குச் சென்றார். நாட்டுப்புறத்திலே தம் கையால் நெய்தும் சமைத்தும் எதல் நடத்திய வாழ்க்கை அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. யப்பானுக்குத் திரும்பிய ஹமதா நகரத்தை விட்டு மசிக்கோ என்னும் குயவர் ஊரிலே குடியேறினார். கண்டிச் சீமையின் கைவினைஞரைப் படம்பிடித்த கைகள், இவ்வாறு சுற்றுவழியாக யப்பானியக் குயவர் ஒருவருக்கும் வழிகாட்டின.

மிங்கெய் அன்பர்களின் பணியிலே இன்னொன்றையும் விட்டுவிடலாகாது. 1938 முதல் 1940 வரை அவர்கள் ஒக்கினாவாத் தீவுகளுக்குப் பன்முறை சென்றனர். வண்ணத்துணிகளையும் மட்கலங்களையும் சேர்த்தனர். அக்காலத்திலே அத்தீவின் பள்ளிகளில், தாய்மொழியிற் பேசிய பிள்ளையின் கழுத்திலே மரப்பலகையொன்றைத் தொங்கவிட்டு இழிவுபடுத்தும் வழக்கம் இருந்தது. துணி நெய்தவளின் கைத்திறனைப் போற்றிவிட்டு அவள் நாவை அடக்குவது என்ன முறை என்ற எண்ணத்தால், 1940இல் யனாகி குழுவினர் அதிகாரிகளின் மொழிக்கொள்கையை வெளிப்படையாக எதிர்த்தனர். பெருவிவாதம் மூண்டது. ஐந்தாண்டிற் போர் வந்தது. ஒக்கினாவாவின் பழைய தலைநகரம் தரைமட்டமாயிற்று. அங்கிருந்து முன்னரே வெளியே கொண்டுபோகப்பட்டவை எஞ்சின. பொருள் பிறந்த மண்ணிலேயே இருத்தல் வேண்டுமென்பது நல்ல விதியே. ஆனால் குண்டுமழைக்கு அவ்விதி தெரியாது.

இனி உலகம் முழுவதையும் வளைத்துச் சேர்த்த ஒருவரைப் பார்ப்போம். அலெக்சாண்டர் ஜிராட் என்பவர் 1907இல் நியூ யோக்கிற் பிறந்து, இத்தாலியின் புளோரன்சு நகரில் வளர்ந்தவர்; கட்டடக் கலைஞர்; துணிகளுக்குக் கோலம் வரைவதிற் புகழ்பெற்றவர். அவரும் அவர் மனைவி சூசனும் மெக்சிக்கோவிலே பொம்மை வாங்கத் தொடங்கினர். அந்தப் பழக்கம் நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளின் பொருள்களைச் சேர்ப்பதில் முடிந்தது. விளையாட்டுப் பொம்மை, பாவை, இயேசு பிறந்த காட்சியைக் காட்டும் களிமண் உருவங்கள், சின்னஞ்சிறு வீடுகள் என ஓரிலட்சத்துக்கு மேற்பட்டன. 1978இல் அவை அனைத்தையும் அமெரிக்காவின் நியூ மெக்சிக்கோ மாநிலத்துச் சாந்தா பே நகரிலுள்ள உலக நாட்டுக்கலைக் காட்சிச்சாலைக்கு அவர்கள் கொடுத்துவிட்டனர். 1982இல் ஏறத்தாழ 10,000 பொருள்கள் அங்கே காட்சிக்கு வைக்கப்பட்டன. உலகமெல்லாம் ஓர் ஊரே என்னும் கருத்துடைய இத்தாலியப் பழமொழி ஒன்று ஜிராட்டுக்கு மிகவும் உவந்தது. தமிழ் நேயர்களுக்கு அக்கருத்தை நான் விளக்கவேண்டியதில்லை.

ஜிராட் அமைத்த காட்சியிலே பொருள்களின் அருகே பெயர்ச்சீட்டு கிடையாது. பெரு நாட்டுத் தேவாலயத்தின் அருகே வேறொரு கண்டத்துப் பொம்மைக் கூட்டம் நிற்கும். எழுத்தை வாசிக்கத் தொடங்கினாற் கண் பார்ப்பதை நிறுத்திவிடும் என்பது அவர் கொள்கை. யனாகியும் ஏறக்குறைய அவ்வாறே கருதினார். கருநிறப் பலகையிலே செந்நிறத்தில் இரண்டொரு சொல்லே அவர் சாலையிற் காணப்படும். கண்ணுக்கு இது விருந்தென்பதை மறுக்கவில்லை. ஆயினும் குழந்தைக்குச் செய்த பொம்மையும், இறந்த குழந்தையின் நினைவாகச் செய்த உருவமும் ஒரே வரிசையில் நின்றால், இரண்டையும் 'எத்துணை அழகு!' என்று கூறிக் கடந்துபோகும் ஆபத்தும் உண்டு.

சேர்ப்போருக்கு இன்னொரு தொல்லை, பழமையைப் பற்றியது. ஒன்றனுள் ஒன்றாக அடங்கும் ருசிய மரப்பாவையை அறியாதார் இலர். அதனை ஆயிரம் ஆண்டுப் பழமையுடையது என்று நம்பி வாங்குவோர் பலர். உண்மையில் அது 1890களில் மொஸ்கோப் பகுதியிலே, சுவியொஸ்தொச்கின் என்னும் கடைச்சற்காரர் கடைந்து, மலியூத்தின் என்னும் ஓவியர் வண்ணந்தீட்டிப் பிறந்தது. யப்பானியப் பாவையொன்றைப் பார்த்துச் செய்தனர் என்ற கதையும் உண்டு. இதனால் அப்பாவையின் இனிமை குறைந்துவிடவில்லை. குறைவது விற்பவன் கேட்கும் விலைதான்.

பழம்பொருளின் மெய்மையை அறிய, தேர்ந்தவர்கள் முதலிற் பார்ப்பது அழகையன்று, தேய்வை. மெய்யாகவே கையாண்ட பொருள், கை பட்ட இடத்திலே மட்டும் தேய்ந்திருக்கும். கரண்டியாயின் ஒருபக்க விளிம்பிலே, பெட்டியாயின் மூடியைத் தூக்கும் ஓரத்திலே. எல்லாப் பக்கமும் ஒரே அளவாகத் தேய்ந்திருந்தால் அது உப்புத்தாளின் வேலை. மரத்திலே புழுத்துளை வட்டமாய் இருத்தல் இயல்பு. புழு குடைந்த வழி வாய்க்கால்போல நீளவாட்டிலே மேற்பரப்பிற் காணப்பட்டால், புழு தின்ற பழைய பலகையைப் பின்னர் ஒருவன் அறுத்திருக்கின்றான் என்பது துணிபு. துணியிலே செயற்கைச் சாயம் இருந்தால் அது 1856ஆம் ஆண்டுக்கு முற்பட்டதாக இருத்தல் முடியாது. அவ்வாண்டிலேதான் பேர்க்கின் என்னும் ஆங்கிலேய மாணவர் அதனை முதன்முதற் கண்டார்.

இவற்றையெல்லாம் கற்றவனும், பொருளை விற்கும் கிழவியிடம் இரண்டு கேள்வி கேளாமல் திரும்பினால் பாதிப் பொருளைத்தான் வாங்கியவனாவான். இதனைச் செய்தவர் யார்? நீங்கள் இதனை என்னவென்று சொல்வீர்கள்? விடையைத் துண்டுக் காகிதத்தில் எழுதி, ஊரையும் நாளையும் குறித்துப் பொருளோடு வைத்துவிட்டாற் போதும். அதற்குச் செலவு ஒன்றுமில்லை. விற்பவள் கண்கலங்குகிறாளா என்று பார்ப்பதும் நன்று. கலங்கினால் வாங்காமல் வருதல் இன்னும் நன்று.

வாங்கவே கூடாத பொருள்களும் உள. ஜிராட் தம் சேகரத்தைக் கொடுத்த அதே 1978ஆம் ஆண்டிலே, அதே நியூ மெக்சிக்கோ மாநிலத்தில் வாழும் சூனி என்னும் பழங்குடி மக்கள், தங்கள் மரத்தெய்வ உருவங்களைத் திருப்பித் தருமாறு டென்வர் நகரத்துக் கலைச்சாலையைக் கேட்டனர். அவ்வுருவங்கள் போர்த்தெய்வமாகிய இரட்டையருடையவை. குறித்த குலத்தார் அவற்றைச் செதுக்கி, மலைமேலுள்ள வழிபாட்டிடத்திலே வைப்பர். மழையிலும் வெயிலிலும் கிடந்து உளுத்து மண்ணாவதே அவற்றின் கடமை. அவ்வாறு உளுக்கும்போதுதான் அவற்றின் ஆற்றல் உலகத்தைக் காக்கும் என்பது அவர் நம்பிக்கை. ஊர் முழுவதுக்கும் பொதுவான அவற்றை விற்கத் தனியொருவருக்கு உரிமை கிடையாது. ஆகவே வெளியே போனவை யாவும் களவு போனவையே என்றனர். கலைச்சாலையார் முதலில் தயங்கினர். உலர்ந்த அறையிலே பூச்சி அணுகாமற் காத்த பொருளை, உளுத்துப்போவதற்காகக் கொடுப்பதா என்று அவர்கள் மனம் வருந்தியிருக்கும். ஆயினும் 1980இல் கொடுத்தனர். அதன்பின் பல நூதனசாலைகளும் தனியாரும் தம்மிடமிருந்தவற்றைத் திருப்பி அனுப்பினர்.

மீண்டு வந்த உருவங்களை மறுபடியும் திருடர் கொண்டுபோகாவண்ணம் சூனி மக்கள் காவலான அடைப்பொன்றைக் கட்டினர். அதற்குச் சுற்றிலும் காப்பு உண்டு; கூரை இல்லை.